சீர்த்தட்டுக்காகக் குறைத்த சம்ப்

கடல் இல்லாத ஊரில் கடல் வைத்துக் கொடுத்துப் பிழைத்தவன் நான். கோவையில் வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பவளப்பாறைத் தொட்டிகள் அமைக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது அந்தத் தொழிலில் இருக்கிற இளைஞர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார்கள். என்னையும் சேர்த்திருக்கிறார்கள். காலை வணக்கம் சொன்னவர்களுக்குத் திருப்பி வணக்கம் சொல்வதுதான் பெரும்பாலும் அதில் என் பணி.

போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், பெரிய ரீஃப் டேங்குக்கு சம்ப் எத்தன பெருசு வெக்கணுமுங்க? ஆப்ல போட்டா ஒரு அளவு சொல்லுது. கஸ்டமர் ஊட்டம்மா வேற அளவு சொல்றாங்க."

ஆப் சொல்வதையே வையுங்கள் என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன். நானே ஒரு முறை ஒரு வீட்டு அம்மா சொன்ன அளவைத்தான் வைத்தேன். அதன் பலனை வேறொரு மனிதர் அனுபவித்தார். அதைச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்வது சரியல்ல என்று பட்டது.

சம்ப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கூடத்தில் பவளமும் மீனும் தெரிய ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கும். அதன் கீழே, மர அலமாரிக்குள், கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு தொட்டி இருக்கும். அதுதான் சம்ப். மேலே நிரம்பி வழியும் நீர் குழாய் வழியாகக் கீழே வரும். அங்கே நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் இருக்கும், நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் போகும் குழாய் இருக்கும், கடைசி அறையில் ஒரு பம்பு இருக்கும். சுத்தமான நீரை அந்தப் பம்பு மேலே தள்ளும். பம்பு ஓடும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். நின்றால், மேல் தொட்டியில் வழியும் மட்டத்துக்கு மேலே உள்ள நீரும் குழாயில் உள்ள நீரும் கீழே இறங்கிவிடும். அதை ஏற்றுக்கொள்ள சம்ப்பில் எப்போதும் காலி இடம் இருக்க வேண்டும். சம்ப் தேர்ந்தெடுப்பது என்பது முக்கால்வாசி இந்தக் காலி இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆனால் காலி இடத்தைப் பார்த்தால் நம் ஊர் வீடுகளில் யாருக்கும் கை சும்மா இருக்காது.

நான் படித்தது மெக்கானிக்கல். முதலில் கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். கிணற்றுப் பம்புகளோடு சில வருடங்கள் போயின. அது மூடப்பட்டதும், கடல்நீர்த் தொட்டி அமைக்கும் நிறுவனத்துக்கு வந்தேன். அந்த நிறுவனத்தின் உரிமையாளரும் மேலாளரும் ஒருவரே. பெயர் ரங்கநாயகி. விலங்கியல் படித்தவர். மில் நடத்திய குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மீன்களிடம் இரண்டும் கலந்து பேசுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தொட்டி ஓடத் தொடங்கி எல்லாம் சரியானதும், வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் நாளில் அவரே வருவார். கோவையில் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலைத் தாண்டுவதற்குள் காபி வந்துவிடும். ரங்கநாயகி அம்மா வாங்க மாட்டார்.

"இருக்கட்டுமுங்க. மொதல்ல பம்பை நிறுத்துங்க" என்பார்.

அவர் நிறுத்த மாட்டார். எங்களையும் நிறுத்த விட மாட்டார். வீட்டுக்காரர்தான் தம் கையால் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அலமாரிக் கதவைத் திறந்துவைத்து சம்ப்பின் எதிரில் உட்காருவார். மேலிருந்து நீர் இறங்கும். சம்ப்பில் ஏறும். ஏறி ஓர் இடத்தில் நிற்கும். அப்புறமும் எழுந்திருக்க மாட்டார். குழாயில் கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருப்பார். குனிந்து அலமாரிக்குக் கீழே தரையைக் கையால் தடவுவார். கை காய்ந்திருந்தால் நிமிர்ந்து, "இப்பக் குடுங்க" என்று காபியை வாங்குவார். அதற்குள் அது ஆறி ஆடை படிந்திருக்கும். அதையும் முகம் சுளிக்காமல் குடிப்பார்.

ஒரு முறை நான் கேட்டேன். "மேடம், ஒன்வே வால்வு போட்டிருக்கறமுங்களே. தண்ணி திரும்பி வராது. எதுக்குங்க இத்தன நேரம்?"

"நீங்க பம்பு கம்பெனில இருந்து வந்தவருங்க. வால்வைச் சொந்தக்காரனாட்ட நம்புவீங்க" என்றார். "நான் சொந்தக்காரங்களையும் நிறுத்திப் பாத்துட்டுத்தானுங்க நம்பறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் நான் வால்வின் பக்கம்தான். பம்பு ஊர்க்காரனுக்கு அந்தப் பற்று சுலபத்தில் போகாது.

போத்தனூரில் பாலசுந்தரம் என்று ஒரு நூற்பாலை முதலாளி. புதிதாகக் கட்டிய வீட்டுக் கூடத்தில், ஒரு சுவர் முழுக்கத் தொட்டி வேண்டும் என்றார். வரைபடம் போட்டு எடுத்துப் போனேன். தொட்டியின் நீளத்துக்கே கீழே சம்ப். அவர் தலையாட்டினார். அவருடைய மனைவி வசந்தாமணி அம்மா படத்தின் அடிப்பகுதியில் விரலை வைத்தார்.

"இத்தன இடத்தையும் தண்ணிக்கே குடுத்துப்போட்டா சீர்த்தட்டு எங்கீங்க வெக்கறது?"

அந்த வீட்டில் சீர்த்தட்டுகள் ஒரு பெரும் படை. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எதுவானாலும் வெல்லமும் கல்கண்டும் பழமும் பட்டும் வைத்துத் தூக்கிப்போகிற எவர்சில்வர் தட்டுகள். பழைய வீட்டில் அவற்றுக்கு ஓர் அறையே இருந்ததாம். புது வீட்டைக் கட்டிய ஆர்க்கிடெக்ட் சீர்த்தட்டு என்ற ஒன்றையே கேள்விப்படாதவர்.

"பாதி தண்ணிக்கு, பாதி தட்டுக்குன்னு வெச்சுக்கலாமுங்களே" என்றார் அம்மா.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சம்ப்பைப் பாதியாக்கினால் ஸ்கிம்மர் நிற்கவே நீர் மட்டத்தை விளிம்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும், காலி இடம் இருக்காது என்று எனக்குத் தெரியும். மனத்துக்குள் கணக்கும் போட்டேன். கணக்கு ஒத்துவரவில்லை. வால்வைச் சேர்த்துப் போட்டேன். ஒத்துவந்தது. அந்த அம்மா அவ்வளவு மரியாதையாகக் கேட்டார் என்பதும், அப்போது தட்டில் தேங்காய் பன்னோடு காபி வந்தது என்பதும் என் கணக்கைப் பாதிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஒப்படைக்கும் நாளில் ரங்கநாயகி அம்மா வால்பாறையில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும் போனேன். தொட்டி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. காபி வந்தது. சுவிட்சைப் பார்த்தேன். நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால்தான் நிறுத்தவில்லை. காபியைக் குடித்தேன். சூடாக, நன்றாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் ரங்கநாயகி அம்மா கேட்டார்: "காபி எப்பக் குடிச்சீங்க?"

"நிறுத்திப் பாத்துட்டுத்தானுங்க மேடம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரீங்க" என்றார்.

மில் முதலாளி வீடு என்பதால் இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. கரண்டு போனாலும் பம்பு நிற்காது. எனவே சில மாதங்கள் என் தவறு நிம்மதியாக ஓடியது. பிறகு பேத்திக்குக் காதுகுத்து வந்தது.

பாலசுந்தரத்துக்கு ஒரு மகன், ஒரு மகள். மாப்பிள்ளை சிவகுமார், தாராபுரத்துக்காரர். பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பாடம் எடுக்கும் பேராசிரியர். மெதுவாகப் பேசுவார். யாருக்காவது உதவி செய்ய வாய்ப்புக் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அன்று வீடியோ எடுக்க வந்தவர் லைட்டுக்கு பிளக் பாயிண்ட் தேடினார். கூடத்தில் எதுவும் காலியாக இல்லை. மாப்பிள்ளை தொட்டியின் ஓரமாகக் குனிந்து, ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கி, "இதுல போட்டுக்குங்க" என்றார். அது பம்பின் பிளக்.

நான் அப்போது பின்கட்டில் பந்தியில் இருந்தேன். விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் குரல்கள் மாறின.

பவானி ஜமக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் முதலில் உணர்ந்திருக்கிறார்.

"ஏனுங்க, கொழந்த ஒண்ணுக்குப் போயிருச்சாட்ட இருக்குது."

"கொழந்த அவங்க மாமன் மடில இருக்குதுங்க. நீங்க அக்கட்ட இருக்கறீங்க."

"அப்ப மாமன் எழுந்திரிச்சுப் பாக்கட்டுமுங்க."

"மாமன் காஞ்சுதானுங்க இருக்கறாரு. உங்களுதுதான் நனஞ்சிருக்குது."

இந்த விசாரணை முடிவதற்குள் ஜமக்காளம் குடிக்கிற அளவுக்குக் குடித்துவிட்டது. மிச்ச நீர் வரிசையாக வைத்திருந்த சீர்த்தட்டுகளுக்குள் புகுந்தது. வெல்லம் கரைந்தது. கல்கண்டு உப்புக் கல்கண்டாயிற்று. தாய்மாமன் வைத்த பட்டுப்புடவை ஒரு தட்டோடு கொஞ்ச தூரம் நகர்ந்து போனதாகவும் சொன்னார்கள். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை உயரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன.

எச்சில் கையோடு ஓடிவந்தேன். பிளக் கிடப்பதைப் பார்த்தேன். சம்ப்பின் விளிம்பு வழிவதைப் பார்த்தேன். இரண்டில் எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்ய எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"பம்பை யாருங்க நிறுத்துனது?"

யாரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் பாடுபட்டு விட்டத்தையும் சன்னலையும் மீனையும் பார்த்தார்கள். அவர் மட்டும்தான் என்னைப் பார்த்தார்.

"இந்தப் பம்பு நிக்கவே கூடாதுங்க. நின்னா இப்படித்தானுங்க ஆகும்" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தொட்டியில் அப்படித்தான் ஆகும். அதை அப்படி ஆக்கியவன் யார் என்பதைத்தான் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு வால்வைக் கழற்றினேன். உள்ளே நகக்கண் அளவு ஒரு நத்தை, வால்வை மூடவிடாமல், சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அதையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நத்தையின் மேல் தப்பில்லை. அதற்கும் யாரோ பாதி இடம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

போவதற்கு முன் இன்னொரு காரியமும் செய்தேன். சுவிட்சுக்கு மேல், என் கையெழுத்தில், 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன்.

மாப்பிள்ளையை யாராவது திட்டியிருந்தால் பரவாயில்லை. அவரும் பதில் சொல்லியிருப்பார். எலக்ட்ரிக்கல் பேராசிரியர், கொஞ்ச நேரம் யோசித்திருந்தால் உண்மையைக்கூடக் கண்டுபிடித்திருப்பார். ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் கிடையாது. ஒரு சொல்கூட யாரும் சொல்லவில்லை. மரியாதையைத்தான் கூட்டினார்கள்.

மாதப் பராமரிப்புக்குப் போகும்போதெல்லாம் பார்த்தேன். அவர் தாராபுரத்திலிருந்து வேர்த்து வந்து உட்காருவார். ஃபேன் சுவிட்சைப் பார்த்து எழுவார். சமையலறையிலிருந்து வசந்தாமணி அம்மா கரண்டியோடு வந்துவிடுவார்.

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளைங்க. நான் போட்டுக்கறேன்."

டிவியை அவர்களே போட்டு, சேனலையும் வைத்து, ரிமோட்டை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பார்கள். போனை சார்ஜ் போட வேண்டுமானால் வேலைக்கார அம்மா வாங்கிப் போய்ப் போட்டுக் கொடுப்பார். ஒட்டிய காகிதத்தைப் பார்த்து விருந்தாளிகள் என்னவென்று கேட்டால் வசந்தாமணி அம்மா, "அது ஒண்ணுமில்லீங்க. மாப்பிள்ளைங்க ஒருக்கா..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, "காபி எடுத்துக்குங்க" என்பார். அவர் முடிக்காமல் விட்டதை ஊரே முடித்துக்கொண்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகு பாலசுந்தரம் போனில் கூப்பிட்டார். அலமாரி உப்பிப்போய்விட்டதாம், புதிதாகச் செய்ய வேண்டும், பழைய ஆளாக வந்து பார்த்துக் கொடுங்கள் என்றார். போனேன். அளவெடுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றார். அவருடைய மகள், அன்று காது குத்திய குழந்தை, அதற்குள் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

"சார், நான் காலேஜ்ல பவர் சிஸ்டம்ஸ் எடுக்கறனுங்க" என்றார் சிரித்தபடி. "நேத்து எங்க ஊட்லயே லைட்டுப் போடப் போனனுங்க. எம்பொண்ணு கேக்கறா, 'அப்பா, நீ போடலாமா? அம்முச்சிக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கட்டா?'ன்னு. அவ வெளையாட்டுக்குக் கேக்கலீங்க. நெசமாவே கேக்கறா."

மகள் பாட்டியைக் கேட்க நினைத்ததைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு முடிந்த பிறகும் அங்கேயே நின்றார். நான் டேப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தேன்.

புது வரைபடத்தில் சம்ப் தொட்டியின் முழு நீளத்துக்கும் இருந்தது. வசந்தாமணி அம்மா மறுபடியும் அதே இடத்தில் விரலை வைத்தார்.

"சம்ப்பு நல்லாத்தானுங்க இருந்துச்சு. இத்தன வருசமா ஒண்ணும் ஆகலீங்களே. மாப்பிள்ளைங்க அக்கட்ட போகாம நாங்க பாத்துக்கறோம். தட்டுக்குப் பாதி உட்டுருங்க."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் சொன்னது என்ன தெரியுமா? "பவளம் வளந்துருச்சுங்க, தண்ணி அதிகம் வேணும்" என்றேன். அதுவும் உண்மைதான். உண்மைகளாகவே பொறுக்கிச் சொல்லித் தப்பிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. அரை மனத்தோடு தட்டுகளை மாடிக்கு ஏற்றினார்கள். நான் கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: ஒப்படைக்கும் நாள், மாப்பிள்ளை வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். சம்ப் நீளமாக, பாதிக்கு மேல் காலியாக இருந்தது. வால்வு போடவில்லை. வசந்தாமணி அம்மா காபி கொண்டுவந்தார்.

"இருக்கட்டுமுங்க. மொதல்ல பம்பை நிறுத்திப் பாக்கணும்" என்றேன். "மாப்பிள்ளை சார் வந்து நிறுத்தட்டுங்க."

தட்டில் டம்ளர்கள் லேசாக மோதின.

"அவரு எதுக்குங்க" என்றார் வசந்தாமணி அம்மா. "அவரு உக்காந்திருக்கட்டும்."

"ஏனுங்க, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?" என்றார் பாலசுந்தரம்.

"வேண்டாமுங்க சார்" என்றார் மாப்பிள்ளை.

"நீங்கதான் நிறுத்தணுமுங்க" என்றேன். அவர் எழுந்து வந்தார். என் காகிதம் இன்னும் அங்கேயே மஞ்சளடித்துப்போய் ஒட்டியிருந்தது. அவர் விரல் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றது. தம் மாமனார் வீட்டில் அவர் ஒரு சுவிட்சைத் தொட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

"அப்பா, நான் வேணா அம்முச்சிகிட்டக் கேக்கட்டா?" என்றாள் மகள்.

அவர் அணைத்தார்.

மேலிருந்து நீர் இறங்கும் சத்தம் கேட்டது. பாலசுந்தரம் தரையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் மனைவி சோபாவின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார். வசந்தாமணி அம்மா ஒரு கையில் தட்டோடு மறு கையால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்ப்பில் நீர் ஏறியது. பாதியைத் தாண்டியது. மெதுவாயிற்று. விளிம்புக்கு நன்றாகக் கீழே நின்றது. குழாயில் சொட்டுவது ஓயும்வரை காத்திருந்தேன். நான் குனிந்து தரையைத் தடவி, உள்ளங்கையை எல்லாருக்கும் காட்டினேன். காய்ந்திருந்தது.

"நின்னுபோச்சுங்களே" என்றார் வசந்தாமணி அம்மா.

"நிக்கணுமுங்க. யாரு நிறுத்துனாலும் நிக்கணும். அதுக்குத்தானுங்க சம்ப்பு." மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினேன். "அன்னைக்கு நிக்காதது என் தப்புங்க. பாதி சம்ப்பு போதாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே வெச்சேன். நிறுத்திப் பாக்கவும் இல்லீங்க. மாப்பிள்ளை சார் மேல பழி உழுந்தப்ப வாயை மூடிக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க சார்."

மாப்பிள்ளை குனிந்தார். சம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் பக்கத்தில் வந்து, அவரைப் போலவே குனிந்து பார்த்தாள். நான் எழுந்து, சுவிட்சுக்கு மேலிருந்த காகிதத்தை உரித்தேன். பாதிதான் வந்தது.

அந்த வீட்டில் மாப்பிள்ளையைத் திட்டியது இல்லை என்பதால், மன்னிப்புக் கேட்கவும் வழி இல்லை. வசந்தாமணி அம்மா புடவையைக் கீழே விட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைங்க" என்றார். "அந்த ஃபேனைக் கொஞ்சம் போட்டுவிடுங்க. வேக்காடா இருக்குது."

அவர் போட்டார். பிறகு, யாரும் கேட்காமலேயே, லைட்டையும் போட்டார். பகல்தான். யாரும் அணைக்கவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். தட்டில் இருந்த என் டம்ளரைப் பார்த்தார். "ஆறிப்போச்சுங்க. வேற கொண்டாரேன்" என்று மரியாதையாகச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் உட்கார்ந்திருந்தேன். பம்பை மறுபடி ஓடவிட்டார்கள். மீன்களைப் பார்த்தேன். பாலசுந்தரம் செய்தித்தாளை முழுவதும் படித்து முடித்தார். காபி வரவில்லை. கடைசியில் எழுந்து, "அப்ப வாரேனுங்க" என்றேன். "போயிட்டு வாங்க" என்று எல்லாரும் எழுந்து நின்று வழியனுப்பினார்கள்.

அந்த வீட்டிலிருந்து காபி குடிக்காமல் வெளியே வந்த ஆள் அநேகமாக நான் ஒருவன்தான். குறை சொல்ல முடியாது. அந்தக் காபியை நான் முதல் ஒப்படைப்பு நாளிலேயே முன்கூட்டிக் குடித்துவிட்டேன்.